நிற்கக் கூடாத புதன்கிழமை



2020-ஆம் ஆண்டின் கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். மாலைப் பொழுது வந்ததும் நாடே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்தது. தொற்றியவர் இத்தனை பேர், தேறியவர் இத்தனை பேர், மாண்டவர் இத்தனை பேர் என்று கணக்கு வாசித்தார்கள். மாவட்ட வாரியாக வாசித்தார்கள். நாமும் மூச்சை அடக்கிக் கேட்டோம். அந்தப் பட்டியலில் சென்னைக்கு அடுத்த இடத்தில் நம் செங்கல்பட்டு மாவட்டம் பல நாள் நின்றது. 2019 நவம்பர்த் திங்களில்தான் காஞ்சியினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பிறந்த பிள்ளைக்குத் தொட்டில் கட்டுமுன்னரே தொற்று வந்து வாயிலில் நின்றது!

அப்படி நாள்தோறும் வாசிக்கப்பட்ட கணக்கிலே வராத கணக்கு ஒன்று உண்டு. பிறந்து ஆறு வாரம் ஆகியும் முதல் ஊசி போடப்படாத குழந்தைகள் எத்தனை? ஒன்பது திங்கள் நிறைந்தும் தட்டம்மை ஊசி பெறாத மழலைகள் எத்தனை? ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் திடுக்கிட்டிருக்க மாட்டோம். ஏனெனில் ஊசி போடாத குழந்தை அன்றைக்கே படுத்துவிடுவதில்லை. அது சிரித்துக்கொண்டுதான் இருக்கும். நோய் வரும் நாள் வேறு. நோய்க்கு வாயிற்கதவு திறந்துவிடப்பட்ட நாள் வேறு. இரண்டுக்கும் இடையே ஓராண்டும் இருக்கலாம், ஈராண்டும் இருக்கலாம். ஆகவேதான் இந்தக் கணக்கு எந்த அரசையும் அவசரப்படுத்துவதில்லை, எந்த ஏட்டிலும் எட்டுப் பத்தித் தலைப்பாவதில்லை.

‘ஊசிதானே! ஊரே அடங்கிக் கிடக்கும்போது இதற்கென்ன அவசரம்? அடுத்த மாதம் போட்டால் போயிற்று’ என்று சொன்னவர்கள் உண்டு. சொன்னவர்கள் கெட்டவர்களல்லர், பிள்ளையின்மீது பாசமற்றவர்களுமல்லர். நோய்க்கு அஞ்சி, மருத்துவமனை வாசலையே நோயின் வாசலாக எண்ணியவர்கள். ஆனால் அந்த ‘அடுத்த மாதம்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் ஆபத்தை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்த்திடல் வேண்டும்.

குழந்தை பிறந்தவுடன் பி.சி.ஜி., சொட்டு மருந்து, மஞ்சட்காமாலை ஊசி. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஐந்து நோய்களுக்கு ஒன்றாகக் கூட்டிய ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான், இசிவு நோய், மஞ்சட்காமாலை, ஹிப் கிருமி. (இந்த ஐந்து கூட்டு ஊசி இந்தியாவில் முதன்முதல் போடப்பட்டது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில்.) ஒன்பது திங்கள் நிறைந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி, ஒன்றரை வயதை ஒட்டி மறு தவணை. இந்த நாட்களை யாரோ ஓர் அதிகாரி பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துவிடவில்லை. ஆறு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு: கக்குவான் இருமல் கொல்லுவது பெரும்பாலும் கைக்குழந்தைகளைத்தான், எனவே எவ்வளவு முன்னதாகப் போட முடியுமோ அவ்வளவு முன்னதாக. ஒன்பது திங்கள் என்பதற்கும் காரணம் உண்டு: தாயின் குருதியிலிருந்து பிள்ளைக்கு வந்த பாதுகாப்பு அதுவரை தட்டம்மையைத் தடுத்துக்கொண்டிருக்கும், அது தேய்ந்து மறையும் நேரத்தில் ஊசியின் பாதுகாப்பு வந்து நின்றாக வேண்டும். தாய் தந்தது போய், ஊசி தருவது வராமல் நிற்கும் இடைவெளி இருக்கிறதே, அதுதான் தட்டம்மை நுழையும் சந்து.

இனிக் கடப்பாக்கத்துக்கு வாருங்கள்.

சென்னையிலிருந்து புதுவை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே இருக்கிறது இந்த ஊர். செய்யூர் வட்டம், இடைக்கழிநாடு பேரூராட்சி. ‘இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்’ என்று சங்கப் புலவர் ஒருவரைத் தமிழ் நினைவில் வைத்திருக்கிறதே, அந்த இடைக்கழிநாடு. கிழக்கே கடல், மேற்கே கழி, இடையிலே நிலம்: பெயரே நில அமைப்பைச் சொல்லிவிடுகிறது. நாணயம் அடித்த ஆலம்பரைக் கோட்டை, 1760-இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டு, இடிந்த சுவர்களோடு கடலைப் பார்த்து நிற்கிறது. காரில் வருவோர் கோட்டையைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். கோட்டையைச் சுற்றி மீனவர் குப்பங்கள் இருப்பதையும், கழியோரம் உப்பளத்தில் பாத்தி கட்டும் கைகள் இருப்பதையும் காண்போர் சிலரே.

2020 மார்ச் 20-ஆம் நாள் இந்தப் பகுதியில் ஒரு குழந்தை பிறந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் உப்பளத்துக் கூலி. மருத்துவமனையில் பிரசவம், பிறந்தவுடன் போட வேண்டியவற்றைப் போட்டே அனுப்பினார்கள். ஐந்து நாள் கழித்து, மார்ச் 25-ஆம் நாள், நாடு முழுதும் ஊரடங்கு. பேருந்து நின்றது. ஜூன் முதல் நாள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் பேருந்து ஓடத் தொடங்கிற்று; ஆனால் சென்னை, காஞ்சி, திருவள்ளூர், செங்கல்பட்டு நான்கிலும் ஓடவில்லை. தொற்று மிகுந்த மாவட்டங்களல்லவா! பிறகு ஜூலையில் எங்கும் நின்றது. நம் மாவட்டத்திலே மக்கள் மீண்டும் அரசுப் பேருந்தில் கால் வைத்தது செப்டம்பர் முதல் நாளில்தான். ஐந்து திங்களுக்கு மேல்!

அந்தக் குழந்தைக்கு ஆறாவது வாரம் நிறைந்தது மே முதல் நாள். பத்தாவது வாரம் மே 29. பதினான்காவது வாரம் ஜூன் 26. மூன்று ஊசிக்கும் உரிய மூன்று நாளும் பேருந்து இல்லாத நாட்கள். அதே தெருவிலே முந்திய ஆண்டு ஆகஸ்டில் பிறந்த மற்றொரு பிள்ளைக்கு ஒன்பது திங்கள் நிறைந்ததும் அந்த மே திங்களில்தான். மருத்துவத்துக்காகச் செல்வோரைத் தடுக்கக் கூடாதென்று ஆணையில் எழுதியிருந்தது உண்மை. அந்த ஆணையை உப்பளத்துத் தாய்க்கு யார் படித்துக் காட்டினார்கள்? சாலையிலே தடுப்புக் கட்டை, தடியுடன் காவலர். இருசக்கர வண்டிகள் பறிமுதல் செய்யப்பட்ட காலம். கையில் பச்சைக் குழந்தை. ‘நோய் உனக்கு ஒட்டிக்கொள்ளும், போகாதே’ என்று வீட்டுப் பெரியவர்கள். அவள் போகவில்லை என்றால் குற்றம் அவளுடையதா?

இந்த இடத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: தாய் ஊசியிடம் போக முடியாத நாளில், ஊசி தாயிடம் போயிற்றா?

போயிருக்க வேண்டும். போவதற்கென்றே ஓர் ஏற்பாட்டைத் தமிழ்நாடு பல பத்தாண்டுகளாகக் கட்டி வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம்; மாநிலமெங்கும் அத்தகைய நிலையங்கள் 8,700-க்கும் மேல்; நிலையத்துக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். மக்கள் அவரை ‘நர்சம்மா’ என்பார்கள். புதன்கிழமை என்றால் ஊசிக் கிழமை. பாட்டிமாருக்கும் தெரியும். நீலக் குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நர்சம்மா வருவார். கர்ப்பிணி யார், கைப்பிள்ளை யார், எந்தப் பிள்ளைக்கு எந்தத் தவணை என்பதெல்லாம் அவர் குறிப்பேட்டில் இருக்கும். பாதி அவர் நினைவிலேயே இருக்கும்.

பெருந்தொற்று வந்ததும் என்ன ஆயிற்று? காய்ச்சல் கணக்கெடுக்க ஆள் தேவை: நர்சம்மாவைக் கூப்பிடு! தொற்றியவரோடு பழகியவர் பட்டியல் வேண்டும்: நர்சம்மாவைக் கூப்பிடு! தனிமைப்படுத்தப்பட்ட வீட்டைக் கண்காணிக்க வேண்டும்: கூப்பிடு நர்சம்மாவை! ஊருக்கு ஒருவர், அவர் தலையில் ஒன்பது வேலை. ஒன்பதில் எதை விட்டால் மேலிடத்திலிருந்து உடனே கேள்வி வராதோ, அது விடுபடும். புதன்கிழமை விடுபட்டது அப்படித்தான். விடாமல் வீடு வீடாக நடந்து ஊசி போட்ட செவிலியரும் உண்டு. அவர்களுக்கு நாடு நன்றி சொல்லவில்லை, நாமாவது சொல்வோம். ஆனால் ஒரு மாநிலத்தின் மழலைகளைத் தனி ஒருவரின் மனத்திண்மையை நம்பி விட்டுவைப்பது ஆட்சி முறையாகாது.

அறிவுரை இல்லாமற் போயிற்றா என்றால், இல்லை. 2020 மார்ச் 26-ஆம் நாளே உலக நல நிறுவனம் சொல்லிற்று: பெருங்கூட்டம் கூட்டிப் போடும் இயக்கங்களைத் தள்ளி வையுங்கள், ஆனால் அன்றாடத் தடுப்பூசியை இயன்றவரை நிறுத்தாதீர்கள் என்று. மத்திய நல்வாழ்வு அமைச்சகம் ஏப்ரலிலும் மே திங்களிலும் விதிமுறை வெளியிட்டது. பிறந்தவுடன் போடும் ஊசி எங்கும் நிற்கக் கூடாது. கட்டுப்பாட்டுப் பகுதியில் ஊர்ப்புற முகாம் கூடாது. அந்தப் பகுதி கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீங்கிப் பதினான்கு நாள் கழிந்த பின்னரே முகாம் என்று விதித்தது. காகிதத்திலே இது நியாயமாகத்தான் தெரிகிறது. தெருவுக்குத் தெரு கட்டுப்பாடு ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்நாளில், ஒரு குப்பம் பட்டியலுக்குள் போய் வெளியே வந்து பதினான்கு நாளும் கழிவதற்குள், அங்குள்ள பிள்ளைக்கு இரண்டு தவணை கழிந்துவிடுமே! விதி எழுதியவர்கள் கொரோனாவின் நாட்களை எண்ணினார்கள். குழந்தையின் வாரங்களை எண்ணினார்களா?

ஊசி போடப் போகும் இடத்தில் தொற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கத்தானே செய்தது என்று கேட்கலாம். இருந்தது. அதையும் அறிஞர்கள் எடைபோட்டுப் பார்த்தனர். ஆப்பிரிக்க நாடுகளை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஊசி போட வருவதால் ஏற்படக்கூடிய ஒரு கொரோனாச் சாவுக்கு எதிரே, அன்றாடத் தடுப்பூசி தொடர்வதால் தவிர்க்கப்படும் குழந்தைச் சாவு ஏறத்தாழ 84 என்று மதிப்பிட்டது. மதிப்பீடுதான், கூடலாம், குறையலாம். தராசின் எந்தத் தட்டு தாழ்கிறது என்பதில் மட்டும் ஐயமில்லை.

2021 சனவரியில் நடந்ததைக் கேளுங்கள். அந்த ஆண்டின் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து நாள் சனவரி 17 என்று குறிக்கப்பட்டிருந்தது. கொரோனா ஊசித் திட்டம் சனவரி 16-இல் தொடங்குகிறதென்றதும், குழந்தைகளின் நாள் 31-க்குத் தள்ளி வைக்கப்பட்டது. பெரியவர்களின் ஊசிக்காகப் பிள்ளைகள் ஒதுங்கி நின்றார்கள்! தள்ளி வைத்த அந்த நாளிலே, மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில், பன்னிரண்டு குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்துக்குப் பதிலாகக் கைகழுவும் சானிடைசரை ஊற்றிவிட்டார்கள். நல்வாய்ப்பாகப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டனர். ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஊழியரைத் தண்டிப்பது எளிது. ஓராண்டாகச் சானிடைசர்ப் புட்டியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த ஊழியரை, குழந்தைகள் பக்கம் ஒரே நாள் திருப்பிவிட்டால் இப்படியும் நேரும் என்பதை எண்ணிப் பார்ப்பதுதான் கடினம்.

விளைவு? 2021 ஜூலையில் உலக நல நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட கணக்கின்படி, 2020-இல் உலகெங்கும் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசியை முழுமையாகப் பெறவில்லை. முந்திய ஆண்டைவிட 37 லட்சம் அதிகம். இந்தியாவில் முத்தடுப்பு ஊசியின் மூன்றாம் தவணை பெற்றோர் நூற்றுக்கு 91-லிருந்து 85 ஆயினர். ஆறுதானே குறைந்தது என்று தோன்றும். இந்தியாவிலே ஆண்டொன்றுக்குப் பிறக்கும் குழந்தைகள் இரண்டு கோடிக்கும் மேல். நூற்றுக்கு ஆறு என்றால் எத்தனை லட்சம் என்பதை நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

தட்டம்மை அந்தப் பெருக்கல் கணக்கை நம்மைவிட விரைவாகப் போடும். பாதுகாப்பற்ற கூட்டத்தில் நோயாளி ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றக்கூடிய நோய் அது. நூற்றுக்கு 95 பேர் ஊசி பெற்றிருந்தாலன்றி அது அடங்குவதில்லை. 2022 அக்டோபர்–நவம்பரில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் வெடித்தது. குடிசைகள் நெருங்கிய, உழைப்பாளர் வாழும் பகுதி. ஊசி பெறாத பிள்ளைகள் மாண்டனர். மத்தியக் குழுக்கள் விரைந்தன. ஒன்பது திங்கள் முதல் ஐந்து வயது வரை கூடுதல் தவணை போட ஆலோசனை வந்தது. எல்லாம் வந்தது, பிள்ளைகள் போன பிறகு! காங்கோ நாட்டுக் கதை இன்னும் கொடிது. 2018 முதல் 2020 வரை அங்கே எபோலா ஏறத்தாழ 2,280 உயிர்களைக் கொண்டுபோயிற்று. உலகத்தின் கண்ணெல்லாம் அங்கேதான் இருந்தது. அதே நாட்டில் 2019-இல் தொடங்கிய தட்டம்மை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பெரும்பாலோர் சிறுவர். அந்தச் செய்தி எத்தனை பேர் காதில் விழுந்தது?

நம் கடற்கரைக்கு இது புதிய பாடமன்று. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர் மாவட்டத்தில் சில நாட்களுக்குள்ளேயே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி போடும் பணி தொடங்கப்பட்டது. பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்த நாட்களிலே! அப்படிப் போட்டும் தட்டம்மை தலைகாட்டிற்று. அந்த வயது வரம்புக்கு மேற்பட்ட பிள்ளைகளும் நோயில் வீழ்ந்தனர். பேரிடரின் நடுவிலும் ஊசியை நிறுத்தாமல் கொண்டுசெல்ல நமக்குத் தெரியும் என்பதற்கும், ஒரு சில பிள்ளைகளை விட்டாலும் அந்த நோய் தேடிப் பிடிக்கும் என்பதற்கும் அந்த ஒரே நிகழ்ச்சி சான்று.

2008-ஐயும் நினைவூட்டியாக வேண்டும், கசப்பான நினைவுதான். அந்த ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். நாடு கலங்கிற்று, கலங்கியது நியாயம். அதன்பின், ஊருக்குள் சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்றாயிற்று. பாதுகாப்புக் கருதிச் செய்த ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: தேசியக் குடும்ப நல ஆய்வின்படி முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06-இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 81; 2015–16-இல் 70-க்கும் சற்றுக் கீழே! ஊசியைத் தெருமுனையிலிருந்து தூக்கிக்கொண்டு போனது ஒன்றே இதற்குக் காரணமென்று நான் சாதிக்கவில்லை. ஆயினும் நான்கு கல் தொலைவு என்பது மருத்துவருக்கு ஓர் எண். ஒரு நாள் கூலியை இழந்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கி நடக்கும் தாய்க்கு அது ஒரு மலை.

பின்னர் நிலை தேறிற்று. 2019–21 ஆய்வு, ஊரடங்குக்கு முன்னும் பின்னும் இரு கட்டங்களாக எடுக்கப்பட்டது, நூற்றுக்கு 89 என்று காட்டிற்று. மகிழத்தக்க எண். எஞ்சிய பதினொருவர் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தெருவுக்கு ஒருவராகப் பரந்தா இருக்கிறார்கள்? இல்லை. ஒரே குப்பத்தில், ஒரே செங்கற்சூளையில், வேலை தேடி வந்தோர் தங்கிய ஒரே கொட்டகையில் கூட்டமாக இருக்கிறார்கள். மாநிலச் சராசரி அவர்களைப் பாதுகாக்காது.

ஊசியை ஐயுறுவோர் பற்றியும் ஒரு சொல். அவர்களைப் பார்த்து ‘அறிவிலிகள்’ என்று சீறுவது நம்மில் சிலருக்குப் பழக்கம், பயனற்ற பழக்கம். 1955-இல் பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து நூலே எழுதியவர் படிக்காதவர் அல்லர், இராசகோபாலாச்சாரியார்! அந்த ஊசி எந்த அளவுக்குப் பயன் தரும் என்பதை அறிய 1968 முதல் 1971 வரை நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேதான், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம், மாபெரும் சோதனை தொடங்கப்பட்டது. அன்று திருவள்ளூரும் இம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். கைக்குழந்தைகளை மூளைக் காய்ச்சலாகத் தாக்கும் காசத்திலிருந்து காக்கிறது என்பதால் பிறந்தவுடன் போடுவது இன்றும் தொடர்கிறது. ஐயத்துக்கு மருந்து இப்படிப்பட்ட சோதனை. 2017-இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி இயக்கத்தின்போது வாட்ஸ்அப்பில் பரவினவே வதந்திகள், அவற்றுக்கும் சோதனைக்கும் என்ன உறவு? பள்ளி வாசலில் பெற்றோர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினர்.

‘ஆத்தா இறங்கியிருக்கிறாள்’ என்று வேப்பிலை கட்டி, தட்டம்மை கண்ட பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே போய்ச் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். பெரியம்மை என்ற ஆத்தா 1975-க்குப் பிறகு இந்நாட்டில் ஒரு பிள்ளை மேலும் இறங்கவில்லையே, ஏன் பாட்டி, என்று மட்டும் அன்போடு கேளுங்கள். பாட்டி சிந்திப்பார்.

சினத்துக்குரிய இடம் வேறு. 2008 சனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி மூன்றிலும் இருந்த பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உரிமத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தோன்றியது, கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் 1948-இல். 2010-இல் உரிமம் மீண்டது; அதற்குள் தனியாரைச் சார்ந்து நிற்கும் நிலை வலுத்துவிட்டது. அதற்கு மாற்றாகச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில், நூறு ஏக்கரில், ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் என்றார்கள். 2012-இல் 594 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். ஐந்து கூட்டு ஊசி, பி.சி.ஜி., தட்டம்மை, வெறிநாய்க்கடி எல்லாம் அங்கே உருவாகும் என்றார்கள். கட்டடம் எழுந்தது, எந்திரம் வந்தது, முழு அளவு உற்பத்தி வரவில்லை. 2021 மே 25-இல், இரண்டாம் அலை ஊரைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரத்தில், முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் நேரில் சென்று பார்த்து, குத்தகைக்காவது மாநிலத்திடம் தாருங்கள் என்று கேட்கும் நிலையில் அது கிடந்தது. கடப்பாக்கத்துக் குழந்தைக்கு வேண்டிய ஊசியைச் செய்வதற்கென்று, அதே மாவட்டத்திலே, மக்கள் பணத்தில் கட்டிய ஆலை!

சரி, நாம் கேட்பது என்ன? அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று எவரும் சொல்ல முடியாது. வராது என்று சொல்வாரும் இல்லை. அது வருமுன்னரே ஓர் ஆணை வேண்டும்: எந்த நெருக்கடியிலும் கிராம சுகாதாரச் செவிலியரின் புதன்கிழமையை வேறு பணிக்கு எடுக்கக் கூடாது. கணக்கெடுக்கவும் காவல் நிற்கவும் வேறு ஆட்களைத் தேடட்டும். வேலையில்லாப் பட்டதாரிகளுக்கா இங்கே பஞ்சம்! பேருந்து நின்றால், ஊசிக்குரிய நாளில் குப்பத்துக்கு ஒரு வண்டி. நோய் மிகுந்த பகுதியென்றால், கூட்டம் கூட்டாமல் மணிக்கு நாலைந்து பேராக, வேப்ப மரத்தடியில், காற்றோட்டத்தில் போடட்டும். மாலைதோறும் தொற்றுக் கணக்கு வாசிக்கும்போது, அந்த வாரம் ஊசி தவறிய குழந்தைகளின் கணக்கையும் மாவட்ட வாரியாக வாசிக்கட்டும். முடியாதென்று எவரும் சொல்ல வேண்டாம். 1990-களில் இலங்கையில், போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, சொட்டு மருந்து நாளுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 2024 ஆகஸ்டில் காசாவில் இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு இளம்பிள்ளைவாதம் தலைகாட்டியபோது, செப்டம்பரில் குண்டு வீச்சை இடத்துக்கு இடம் சில மணி நேரம் நிறுத்தச் செய்து பிள்ளைகளுக்குச் சொட்டு விட்டார்கள். பீரங்கிக்கு முடிந்தது ஊரடங்குக்கு முடியாதா?

ஆணை வரும்வரை கைகட்டி நிற்பதற்கில்லை. 2020, 2021-இல் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். விட்ட தவணையோடு சிலர் இருக்கக்கூடும். ஒரு நல்ல செய்தியை வீடுதோறும் சொல்லுங்கள்: தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசுத் திட்டத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி ஐந்து வயது வரைக்கும், முத்தடுப்பு ஊசி ஏழு வயது வரைக்கும் உண்டு. ‘நாள் தவறிவிட்டதே, திட்டுவார்களே’ என்று அஞ்சி வராமலே இருந்துவிடும் தாய்மார் உண்டு. அந்த அச்சத்தைப் போக்குவது உங்கள் வேலை.

இன்னொன்று. தட்டம்மைக் குப்பி ஒன்றில் ஐந்து பேருக்கோ பத்துப் பேருக்கோ மருந்து இருக்கும்; கரைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், எஞ்சியதைக் கொட்டியாக வேண்டும். ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆயினும் ஐந்து குழந்தைகளும் ஒரே காலையில் வந்துவிட்டால் நர்சம்மாவின் பாரம் எவ்வளவு குறையும்! அதைச் செய்ய ஒரு கிளைக்கு நான்கு தோழர்கள் போதும். செவ்வாய் மாலை நர்சம்மாவிடம் கேளுங்கள், நாளைக்கு எந்தத் தெருவுக்குச் சொல்ல வேண்டுமென்று. குறிப்பேடு அவருடையது; அதைப் படம் பிடித்துப் படிப்பகச் சுவரில் ஒட்டாதீர்கள், எந்த வீட்டுப் பெயரையும் தெருவில் உரக்கச் சொல்லாதீர்கள். கொடி வேண்டாம், கரை வேட்டி வேண்டாம், சுவரொட்டி அறவே வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையின் தொடையில் ஏறும் ஊசியும் உங்கள் வீட்டுப் பிள்ளையைத்தான் காக்கிறது.

இடைக்கழிநாட்டுத் தோழர்கள் இந்த வாரமே தொடங்கலாம். கழிக்கு அப்பாலிருந்து வர வேண்டியவர்களுக்கு ஓர் ஆட்டோ பேசி வையுங்கள். காலை ஒன்பது மணிக்கு நர்சம்மா பெட்டியைத் திறக்கும் முன்னர் அது வந்து சேர்ந்துவிட வேண்டும்.